விளைந்த இடமும் ஏற்றிய இடமும்

ஜூன் 3, செவ்வாய்

பருத்தி ஏற்றுமதியாளர் சங்கத்தின் செயலர் காலையில் வந்திருந்தார். சொல்லாமல் வருகிறவர்களை நான் வாசலோடு அனுப்பிவிடுவது வழக்கம். இவர் நேற்றே போன் செய்திருந்தார். அதனால் நாற்காலி கொடுத்தேன்.

கொண்டுவந்தது ஓர் ஒப்பீடு. நாற்பது ஆண்டுகளில் வடக்குப் பகுதியிலிருந்து எவ்வளவு பருத்தி வெளிநாட்டுக்குப் போனது, தெற்குப் பகுதியிலிருந்து எவ்வளவு போனது என்று ஆண்டுவாரியாக. சங்கத்துக்கு இரண்டு தரக்கூடங்கள் இருக்கின்றன. பஞ்சைப் பிரித்து, இழையின் நீளமும் நிறமும் பார்த்துத் தரம் குறிக்கும் இடங்கள். ஒன்று இந்த ஊரில், வடக்குத் துறைமுகத்தை ஒட்டி. மற்றது தெற்கே, ஒரு நாள் ரயில் பயணம். இரண்டையும் நடத்த இனிக் கட்டுப்படியாகாதாம். எந்தப் பகுதியின் ஏற்றுமதி தேய்கிறதோ அந்தக் கூடத்தை மூடுவது என்று குழு தீர்மானித்திருக்கிறது. அலுவலகம் தயாரித்த ஒப்பீட்டை நான் சரிபார்த்துத் தர வேண்டும். சங்கத்தின் புள்ளிவிவரப் பிரிவின் தலைவியாக ஓய்வு பெற்றவள் என்ற முறையில்.

"தெற்குக் கூடத்த நடத்தறது என் மகள். அது தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"தெரியும் மேடம். உங்ககிட்ட வந்தா ஒரு எண்கூட வளையாதுன்னும் தெரியும். குழுவுல எல்லாரும் உங்க பேரத்தான் சொன்னாங்க."

பாராட்டு. காதில் விழுந்தது. என் கணவர் போனதிலிருந்து எல்லாமே காதோடு நின்றுவிடுகின்றன. பிப்ரவரியில் துக்கம் கேட்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எப்போது விடுவார்கள் என்று காத்திருந்தேன்.

சரி, வாங்கி வைத்திருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

முதல் பக்கத்திலேயே தவறு. இரண்டு பகுதிகளையும் பொதிக் கணக்கில் ஒப்பிட்டிருக்கிறார்கள். தெற்கில் பழைய அழுத்த எந்திரங்கள்; பொதி சிறியது. வடக்குப் பொதியின் எடையில் முக்கால் பங்குதான் வரும். இரண்டையும் ஒன்று, ஒன்று என்று எண்ணினால் அது ஒப்பீடா? இட்லியையும் தோசையையும் எண்ணிக்கூட்டுகிற வேலை என்று அவர் சொல்லியிருப்பார். அவருக்கு எல்லாவற்றுக்கும் சாப்பாட்டு உதாரணம்தான்.

எல்லாவற்றையும் எடைக்கு மாற்ற வேண்டும். தெற்கு இன்னும் கீழே போகும். போகட்டும்.

ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். எங்கள் கான்வென்டில் இப்படி எழுதினால் சிஸ்டர் தாளைத் திருப்பிக்கூடக் கொடுக்க மாட்டார். ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவார். நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும், வகுப்பே பார்க்க.

ஜூன் 8, ஞாயிறு

மகள் போன் செய்தாள். நாற்பத்தாறு வயது, பதினான்கு பேருக்கு மேலதிகாரி. வீட்டில் இன்னும் பாப்பாதான்.

"சாப்டியாம்மா?"

"ஆச்சு."

"என்ன சாப்ட்ட?"

"சாப்பாடு."

சிரித்தாள். பிறகு அவளே அந்தப் பேச்சை எடுத்தாள். மூடினால் அவளைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றுவார்களாம். "அப்ப நம்ம வீட்லதாம்மா இருக்கணும். உன் அதட்டலக் கேட்டுக்கிட்டு."

"அதட்டறதுக்குன்னு யாரும் இங்க காத்துக்கிட்டு இல்ல" என்றேன்.

அட்டவணை என்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் வளர்ப்பு.

போனை வைத்த பிறகு பின்னறைக்குப் போய் நின்றேன். அங்கே கட்டில் போட்டால் ஜன்னல் கதவு திறக்குமா என்று பார்த்தேன். திறக்கும்.

ஜூன் 11, புதன்

நாத்தனார் போன். வாரம் தவறாமல் என்னை விசாரிப்பது தன் அண்ணனுக்குச் செய்யும் கடமை என்று நினைக்கிறாள்.

"பொண்ணப் பெத்து வச்சிருக்கீங்க, இந்த வயசுல தனியாக் கெடக்கறீங்களே அண்ணி. கூப்ட்டா வரமாட்டாளா?"

"நான் கூப்பிடல."

"அதானே பாத்தேன். நீங்க எங்க கூப்புடுவீங்க? கிணத்துல விழுந்தாக்கூட, கயிறு நல்ல கயிறான்னு பாத்துட்டுதான் பிடிப்பீங்க."

அவள் சொன்னதில் பிழை இல்லை. நல்ல கயிறா என்று பார்க்காமல் பிடிப்பவர்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது.

ஜூன் 14, சனி

வேலை செய்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

எடைக்கு மாற்றி முடித்தேன். கோடு வரைந்தும் பார்த்தேன். முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று ஒட்டியே போகின்றன. பிறகு தெற்கு சரிகிறது. வடக்கு ஏறுகிறது. கடைசி ஆண்டில் தெற்கு, வடக்கின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பார்க்கிற எவருக்கும் ஐயம் வராது. தெற்குக் கூடம் மூடப்படும்.

கூட்டல் சரி. எடை சரி. கேட்டதைச் செய்தாயிற்று.

தெற்கு சரியத் தொடங்கும் ஆண்டு எனக்குத் தெரியும். அந்த ஆண்டுதான் தெற்குத் துறைமுகத்தின் வாய் மணலால் தூர்ந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வருவது நின்றது. அங்கே விளைந்த பருத்தி அதற்குப் பிறகும் விளைந்தது. ரயிலில் ஏறி இங்கே வந்து, வடக்குத் துறைமுகத்தில் கப்பல் ஏறியது. சுங்கத்தார் எங்கே ஏற்றினார்களோ அந்தப் பகுதியின் பெயரில்தான் எழுதுவார்கள். அவர்களுக்கு அது போதும். அதனால் தெற்கத்திப் பருத்தி ஏட்டில் வடக்கத்திப் பருத்தியாகிவிட்டது. நான் பிரிவில் இருந்தவரை ஒவ்வோர் ஆண்டும் அட்டவணைக்குக் கீழே இதைக் குறிப்பாகப் போட்டுவந்தேன். எனக்குப் பின் வந்தவர் இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டார். இந்த ஒப்பீட்டிலும் அது இல்லை.

என்னைக் கேட்டது சரிபார்க்க. என்ன எண்ணியிருக்கிறார்களோ அதைச் சரியாக எண்ணியிருக்கிறார்களா என்று பார்க்க. எதை எண்ண வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்காததற்கும் பதில் எழுத வேண்டுமா?

ஜூன் 19, வியாழன்

பின்னறையைக் காலி செய்தேன். பெட்டி நகரவில்லை. மாடி வீட்டம்மா சத்தம் கேட்டு இறங்கி வந்தார். அவரும் கணவரை இழந்தவர்தான், என்னைவிடப் பத்து வயது சிறியவர், வாய் ஓயாதவர். வாசற்படிக்கு அப்பாலேயே நிறுத்திப் பேசி அனுப்புவது என் வழக்கம். இன்று வேறு வழியில்லை.

"என்னக்கா இது, பெட்டியா பொணமா? உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"பழைய ஆண்டறிக்கைகள்."

"அதான் இந்தக் கனம். எங்க வீட்டுக்காரர் கல்யாணத்தன்னிக்கு என்னத் தூக்கறேன்னு தூக்கினப்போ இப்படித்தான் மொனகினார்."

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. முகம் நகரவில்லை. அவர் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டார். நன்றி சொல்லி அனுப்பினேன்.

அறை பெரிதாகிவிட்டது. மெத்தைக்கு உறை மாற்றினேன்.

ஜூன் 22, ஞாயிறு

பாப்பா வந்திருக்கிறாள். நாளை தலைமை அலுவலகத்தில் மாதிரிப் பஞ்சு ஒப்படைக்க வேண்டும், இன்று இரவு மட்டும் தங்கல். வந்தவுடன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பின்னறை கண்ணில் பட்டுவிட்டது.

"எனக்காம்மா?"

"வேற யாருக்கு?"

"இன்னும் முடிவாகலையே."

"ஆகும்."

அந்த மெத்தையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவின் விரல்கள். அவரும் தரம் பார்ப்பவராகத்தான் இருந்தார். கைக்கு எது கிடைத்தாலும், சட்டைத் துணியோ திரையோ, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக நெருடிப் பார்க்கும்.

சாப்பிடும்போது சொன்னாள். "கோச்சுக்காதம்மா. எனக்கு அங்கயே இருக்கணும்னு இருக்கு."

"கோபம் ஒண்ணுமில்ல."

"உன்ன விட்டுட்டு இருக்கணும்னு இல்ல. அந்தக் கூடம்... நான் போனப்போ நாலு மேசையும் ஒடஞ்ச ஜன்னலும்தான். வெளிச்சத்துக்காக ஒரு சுவரையே இடிச்சுக் கட்டினேன். இப்ப அங்க குறிக்கிற தரத்த வாங்கறவங்க மறுபேச்சுப் பேசறதில்ல. அத மூடிட்டு இங்க வந்து ஒரு மூலையில கையெழுத்துப் போட்டுக்கிட்டு உக்காரணும்."

பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, எழுந்துகொண்டே சொன்னாள்: "ஆனா எனக்கு பயமில்ல. ஏதோ சின்ன பையன் கையில அந்த ஒப்பீடு இருந்தா பயந்திருப்பேன். எங்க பொதியெல்லாம் ரயில்ல இங்கதான வந்து கப்பல் ஏறுது? அத விட்டுட்டுதான் கூட்டியிருப்பான். நீ அத சேத்திருப்ப."

"ம்" என்றேன்.

அவள் கை கழுவப் போய்விட்டாள்.

ஜூன் 23, திங்கள்

பாப்பா கிளம்பிப் போனாள். மெத்தையை மடிப்புக் கலையாமல் விட்டிருக்கிறாள், யாரும் படுக்காததுபோல.

ஏன் "ம்" என்றேன்? சேர்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். இன்னும் முடியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். எழுபத்துநாலு வயசுல ஒரு எழுத்துல பொய் சொல்லிட்டேன். அதுவும் அவகிட்ட. கேக்கக்கூட இல்லையே அவ, நான் செஞ்சிருப்பேன்னு தானா நெனச்சுக்கிட்டா. அவ பயந்திருந்தா, கெஞ்சியிருந்தா, கணக்கு கணக்குதான்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லியிருப்பேன், சொல்லிட்டு நிம்மதியா இருந்திருப்பேன் —

இந்தக் கையெழுத்து எனக்குப் பிடிக்கவில்லை. நிறுத்துகிறேன்.

ஜூன் 25, புதன்

சங்க நூலகத்துக்குப் போனேன். ரயில்வே ஆண்டறிக்கைகள் மேல் தட்டில் வரிசையாக இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். தூசியைப் பார்த்தால் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. தெற்கிலிருந்து வடக்கே வந்த சரக்கில் பருத்தி எவ்வளவு என்பது தனிப் பத்தியாகவே இருக்கிறது.

வந்ததெல்லாம் கப்பல் ஏறிவிடவில்லை. வழியில் இரண்டு நூற்பாலை ஊர்கள் இருக்கின்றன. அங்கே இறங்கியதைக் கழிக்க வேண்டும். கழிக்காமல் விட்டால் தெற்கு மிகப் பெரிதாகத் தெரியும். எனக்கு அது வேண்டாம். ஒருபக்கம் சாய்ந்ததை மறுபக்கம் சாய்ப்பது திருத்தம் ஆகாது.

மதியம் சாப்பிட மறந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் மூடியபடியே இருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஜூன் 28, சனி

கழித்தல்.

ஜூலை 2, புதன்

முடிந்தது.

விளைந்த இடத்தை வைத்து எண்ணினால் தெற்கு தேயவே இல்லை. மழை தவறிய ஆண்டுகளில் விழுந்து எழுந்திருக்கிறது, அவ்வளவே. மெல்ல இறங்கி வந்திருப்பது வடக்குதான். துறைமுகம் நம்முடையது என்பதால் அடுத்தவர் பருத்தியையும் நம் உயரமாக நினைத்துக்கொண்டிருந்தோம். இந்த ஊரில் பருத்திக் கோட்டைகள் என்று கிடங்குகளுக்குப் பெயர் வைத்துப் பெருமைப்பட்டதெல்லாம் பாதி தெற்கத்தி மூட்டைகளைப் பார்த்து.

செயலர் வந்தார். இரண்டு அட்டவணைகளையும் கொடுத்தேன். நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார்.

"இதுல எது மேடம் சரி?"

"ரெண்டும் சரி. முதல் தாள்ல எங்க ஏத்தினாங்கன்னு இருக்கு. ரெண்டாவதுல எங்க விளைஞ்சதுன்னு இருக்கு. தரக்கூடம் கப்பலுக்கா, பருத்திக்கான்னு குழு முடிவு பண்ணட்டும்."

"குழுவுல கேள்வி வரும் மேடம். நீங்களே வந்து சொன்னா நல்லாருக்கும்."

"புடவை இஸ்திரிக்குக் கொடுக்கணும். ரெண்டு நாள் முன்னாடி சொல்லிடுங்க."

தாளைக் கையில் கொடுத்தபோது ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். பால் காய்ச்ச நேரமாகிவிட்டது என்று தோன்றியது.

ஜூலை 11, வெள்ளி

குழுக் கூட்டம். நீண்ட மேசை, ஒன்பது பேர், எல்லாருக்கும் முன்னால் தண்ணீர் பாட்டில். எனக்கு நாற்காலி போட்டவர்கள் மின்விசிறியை மறந்துவிட்டார்கள்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஆலை ஊர்களில் இறங்கியதை எப்படிக் கழித்தேன் என்று ஒருவர் துருவினார். நல்ல கேள்வி. மகிழ்ச்சியோடு சொன்னேன் என்று எழுத வந்தேன். மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. தடங்கலின்றிச் சொன்னேன்.

கடைசியில் ஏற்றுமதி வியாபாரி ஒருவர், சொந்தக் கிடங்குகள் இங்கே துறைமுகத்தில் வைத்திருப்பவர், நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குரலில் தேன்.

"அம்மாவோட மகள்தான அங்க பொறுப்புல இருக்காங்க? பெத்த பாசம், தப்பே இல்ல. நானும் ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன். ஆனா முதல் அட்டவணை முடிஞ்சப்புறம் ரெண்டாவதுன்னு ஒண்ணு எதுக்கு வந்துச்சு, அதத்தான் கேக்கறேன்."

செயலர் தன் பேனாவைப் பார்த்தார்.

"பாசத்தப் பாத்திருந்தா முதல் அட்டவணையோட நிறுத்தியிருப்பேன்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. வியாபாரி புரிந்ததுபோல் தலையாட்டினார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வெளியே ஆட்டோக்காரர் கூடுதலாகக் கேட்டார். பேரம் பேசவில்லை. அவருக்கே பயமாகிவிட்டது போலிருக்கிறது. "பெரியம்மா, உடம்பு முடியலையா?" என்றார்.

ஜூலை 12, சனி

ஒன்றுமில்லை.

ஜூலை 19, சனி

நாத்தனார்: "கூட்டத்துல ஏதோ சொன்னீங்களாமே அண்ணி, செயலரோட சம்சாரம் சொன்னா. பொண்ணு மேல பாசம் இல்லன்னு நாலு பேரு முன்னாடி சொல்லலாமா?"

"அப்படிச் சொல்லல."

"பின்ன எப்படிச் சொன்னீங்க?"

அவளுக்கு விளக்கினால் ஊருக்கே விளக்கின மாதிரி.

ஜூலை 30, புதன்

முடிவு வந்துவிட்டது. தெற்குக் கூடம் தொடரும். இங்கே உள்ளதைச் சுருக்கி, கப்பலில் ஏறும்முன் மாதிரி எடுக்கும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வார்களாம். இனிமேல் வரும் ஒப்பீடுகளெல்லாம் விளைந்த இடத்தை வைத்துத்தான். என் குறிப்பு அட்டவணைக்குக் கீழே இருக்காது. தலைப்பாகவே ஆகியிருக்கிறது.

பாப்பாவை அங்கேயே ஐந்தாண்டுகளுக்கு உறுதி செய்திருக்கிறார்கள்.

நல்லது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாப்பா போன் செய்தாள். அங்கே எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தாளாம். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. நானும் வாழ்த்தினேன். முறையாக, முழு வாக்கியத்தில்.

பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மா. கூட்டத்துல நீ சொன்னத செயலர் சொன்னார்."

"எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருக்காரா அவர்?"

"அவருக்குப் புரியல. அதான் என்கிட்ட கேட்டார். எனக்குப் புரிஞ்சுதும்மா."

தொலைவில் சரக்கு வண்டி போகிற ஓசை, அவள் பக்கத்தில். அது முழுதும் கடக்கிறவரை இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"நான் வரட்டுமாம்மா? லீவு போட்டுட்டு?"

"ஏத்துமதி சீசன்ல தலைமைப் பொறுப்புல இருக்கறவ லீவு கேக்கக் கூடாது" என்றேன். "வை. வேலையப் பாரு."

வைத்துவிட்டாள். ரொம்ப நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு என்னை அறியாமல், முன்னறையில் நின்றபடி, "பாப்பா" என்று கூப்பிட்டேன். மெதுவாக இல்லை. அவள் சின்னப் பெண்ணாகத் தெருவில் விளையாடும்போது கூப்பிடுவேனே, அந்த அளவு சத்தமாக. ஒருமுறை. மறுபடியும் ஒருமுறை. கன்னத்தைத் துடைத்தேன். அழுகை என்று எழுதலாமா? எழுதுகிறேன். அழுகைதான்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். மாடி வீட்டம்மா கதவுக்கு வெளியே, படியைத் தாண்டாமல் நின்றார். "கூப்ட்டீங்களாக்கா?"

"இல்ல."

அவர் திரும்பினார். இரண்டு படி ஏறியும் விட்டார்.

"உள்ள வாங்க" என்றேன்.

வந்தார். என் முகத்தைப் பார்த்தார். அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. உட்கார்ந்து, இந்தத் தெருவில் யார் யார் எந்த ஆண்டு குடிவந்தார்கள் என்று தொடங்கி விளக்குப் போடும் நேரம்வரை பேசினார். அவர் சொன்ன ஆண்டுகளில் பாதிக்கு மேல் தவறு. நான் திருத்தவில்லை.